வாசிச்சு அனுப்புங்க டீச்சரக்கா

இந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்திக்கிடட்டுமா தாயி? காத்துச் சத்தத்துல போன்ல பேசுதது ஒண்ணும் விளங்கமாட்டேங்கு. கோவிச்சுக்கிடாதிய. நீங்களும் திருநெல்வேலிதான? நல்லதாப் போச்சு. இந்த டிரைவர் என்னத்துக்கு இப்படி உருட்டுதாரு, ஆலங்குளம் தாண்டி எம்புட்டு நேரமாச்சு.

பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். எனக்கு ஒண்ணுமில்ல, இந்த இருமல் மட்டுந்தான், அது எப்பவும் உள்ளது. முப்புடாதின்னு நம்ம பிள்ளை ஒருத்தி அங்க நிக்கா. மகளான்னா கேக்கிய? மக இல்ல, மாணவி. சிரிக்காதிய. அவளுக்கும் நாப்பது தாண்டியாச்சு, எனக்கு அவளவிட அஞ்சாறு வயசு கூட இருக்கும். ஆனா மாணவி மாணவிதான. நான் டீச்சர். சம்பளம் வாங்குத டீச்சர் இல்ல, முதியோருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வகுப்பு இருக்குல்லா, அதுல தன்னார்வலர். ஊர்ல டீச்சரக்கான்னுதான் கூப்பிடுவாவ. தங்கபுஷ்பம்னு எனக்கு ஒரு பேரு இருக்கதே என் வீட்டுக்காரருக்கு மறந்துபோச்சு.

முப்புடாதி வீட்டுக்காரர் ஆண்டியப்பன் இன்னைக்கு விடிஞ்சு எந்திரிக்கல. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியிருக்கு. உலுப்பிக் கூப்பிட்டா ‘ம்’ங்காராம், கண்ணத் தெறக்கலையாம். நூத்தியெட்ட வரச்சொல்லி ஏத்திக் கொண்டு போயிட்டாவ. இவளும் அதுல ஏறிப் போயிட்டா. சக்கரை இறங்கிப்போச்சாம். சக்கரை கூடும்னு கேள்விப்பட்டிருக்கேன், இறங்கினா ஆளையே சாய்ச்சிரும்னு இன்னைக்குத்தான் கேக்கேன்.

மாத்திரை மாறிப்போச்சுங்காவ. ‘இந்தச் சின்ன மாத்திரைய மூணு வேளையும் போடச் சொன்னது யாரு’ன்னு அங்க நர்சம்மா கேட்டாவளாம். யாரும் சொல்லலைன்னு முப்புடாதி சொல்லியிருக்கா. உண்மைதான, யாரும் சொல்லல. கவர்ல எழுதியிருந்துச்சு. அவளுக்கு வாசிக்கத் தெரியும். அதுக்கு நானே சாட்சி. இத நீங்க மனசுல வச்சுக்கிடணும் தாயி, ஏன்னா நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாவ.

வாசிக்கத் தெரியுமான்னு சந்தேகமாப் பாக்கிய. இருங்க, மொதல்ல இருந்து சொல்லுதேன். சொன்னாத்தான் எனக்கும் நெஞ்சு படபடப்பு அடங்கும்.

எங்க ஊர்ல பொம்பளைங்க பூராம் பீடி சுத்துதவ. மடியில முறம் மாதிரி சொளவு, சொளவுல எலை, தூளு, கத்தரி, நூலு. காலையில உக்காந்தா கை நிக்காது. சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும். பள்ளிக்கூடத்துல ஆறு மணிக்கு வகுப்புன்னா எப்படி வருவா? வந்தாலும் தூங்கி விழுவா. முப்புடாதிக்கு வீட்டுக்காரரும் சீக்காளி. ரெண்டு நா வருவா, பத்து நா காணாது.

எங்களுக்கு டிரெய்னிங் வச்சாவ. வகுப்புக்கு வர முடியாதவுகளத் தள்ளிரக் கூடாது, அவுக வீட்டுல இருந்தே, தானாப் படிக்க வழி பண்ணிக் கொடுக்கணும்னு சொன்னாவ. எல்லாரும் எழுதிக்கிட்டுக் கொட்டாவி விட்டுட்டு வந்துட்டாவ. நான் யோசிச்சேன். கை ரெண்டும் சொளவுல இருக்கு, கண்ணும் எலையில இருக்கு. மிச்சம் என்ன இருக்கு? காது இருக்கு. அப்ப பாடத்த நான் வாசிச்சு, போன்ல பேசி அனுப்பிட்டா? பீடி சுத்திக்கிட்டே கேப்பா, கை ஒழிஞ்ச நேரம் புஸ்தகத்தப் பாத்துக்கிடுவா. யாரும் சொல்லித் தரல, என் சொந்த யோசனை. பக்கத்து ஊர் டீச்சரெல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போனாவ.

முப்புடாதி மக திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கா. அவ பழைய போன ஆத்தாட்ட கொடுத்துட்டுப் போயிருந்தா. அதுல இந்த முக்கோணத்த அமுக்கினா கேக்கும், இந்த மைக்க அமுக்கிப் பிடிச்சா பேசலாம்னு காட்டிக் கொடுத்தேன். அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் அவ புடிச்ச புடி இருக்கே! போன எவர்சில்வர் சொம்புக்குள்ள போட்டுருவா, சத்தம் கணீர்னு கேக்கும். தெருவுல போனா என் குரல்தான் சொம்புக்குள்ள இருந்து வரும். பாடம் ஒண்ணு, பாடம் ரெண்டுன்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து என் பேச்ச யாரும் ரெண்டாம் வாட்டி கேட்டது கிடையாது.

சாயங்காலம் ஆனா அன்னன்னைக்குப் பாடத்த அவளே சொல்லி எனக்கு அனுப்புவா. கடைசியில, ‘சரியா டீச்சரக்கா?’ன்னு கேப்பா. நான் ‘சரி’ம்பேன். நான் சரின்னு சொன்னாத்தான் அடுத்த பாடத்துக்குப் போவா. அம்புட்டு ஒழுக்கம்.

ஒருநா அவ வீட்டுக்குப் போய் நேருல வாசிக்கச் சொன்னேன். புஸ்தகத்துல விரல வச்சு, வரி வரியாத் தள்ளிக்கிட்டு வாசிக்கா. ‘குளம் நிரம்பியது. கொக்கு வந்தது. கோமதி குடத்தை எடுத்தாள்.’ அப்புறம் ஒரு இருமல். அப்புறம், ‘ஏங்க, பால்காரர் நிக்காரு, பாருங்க’. அப்புறம், ‘கோமதி குளத்துக்குப் போனாள்’. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. அந்தப் பாடம் பேசும்போது வாசல்ல பால்காரர் வந்தாரு, நான் எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னது அதுல விழுந்துட்டு. அதையும் சேத்துல்லா படிச்சு வச்சிருக்கா! என்ன கவனம் பாருங்க. டீச்சர் வாயில இருந்து வந்தது ஒண்ணு விடக்கூடாதுன்னு ஒரு பக்தி. பால்காரர எடுத்துட்டுத் திரும்பப் பேசி அனுப்பினேன். இருமலுக்கு நான் என்ன செய்ய, அது பாட்டுக்கு வந்துட்டு.

இருங்க, சத்தம் வந்துச்சு. அவதான்.

‘டீச்சரக்கா, இவுகளத் தள்ளுவண்டில வச்சு உள்ள கொண்டுட்டுப் போயிட்டாவ. என்னைச் சீட்டு வாங்கிட்டு வரச் சொல்லுதாவ. போயிட்டு வாரேன்.’

குரலப் பாத்தியளா, அழுகையே இல்ல. இவ அழுது நான் பாத்தது கிடையாது. அழுதா நல்லாருக்கும்.

எங்க விட்டேன்? அதிகாரி வந்தத இன்னும் சொல்லல. வகுப்பப் பாக்கதுக்கு மேல இருந்து ஒரு அய்யா வந்தாரு. வந்தவுகள்ள நாலு பேரு ‘அ’னாவுல நிக்காவ. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. முப்புடாதிய ஆள் விட்டுக் கூட்டியாந்து நிறுத்தினேன். அய்யா புஸ்தகத்தப் பிரிச்சாரு, குளத்துப் படம் போட்ட பக்கம். விரல வச்சா பாருங்க, ஒரு எழுத்துத் தட்டல. இடையில அந்த இருமல் வந்துச்சு. அய்யா முகம் வாடிப்போச்சு, ‘பீடித்தூள் நெஞ்சுல சேந்துருக்கும் போல, பாவம்’னாரு. நான் ஓடிப்போய் அவளுக்குத் தண்ணி கொடுத்தேன். பக்கத்தத் திருப்பினாரு, அதையும் வாசிச்சா. கைதட்டினாவ. அப்புறம் அந்த அய்யா பையில இருந்து அன்னைக்குப் பேப்பர எடுத்து, இதுல தலைப்பு வாசிம்மான்னு நீட்டப்போனாரு. நான்தான், ‘டீ ஆறிப்போவும் சார், வடையும் இருக்கு’ன்னு கூட்டிட்டுப் போயிட்டேன். வெயில்ல வந்த மனுசன். அதுக்காகத்தான், வேற ஒண்ணுமில்ல.

எனக்குச் சால்வை போட்டாவ. ‘வகுப்புக்கு வராமலே ஒரு ஆள வாசிக்க வச்ச டீச்சர்’னு பேசினாவ. அந்தப் போட்டோவ வீட்டுல மாட்டியிருக்கேன். முப்புடாதி என் பக்கத்துல, புஸ்தகத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கா.

நான் அதோட விடல தாயி. வாசிக்கத் தெரிஞ்சாப் போதுமா, தைரியம் வேண்டாமா? ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டுல ஒருநா, ‘இது எந்த ஊரு போவுது’ன்னு யாரோ ஒரு ஆள்ட்ட கேக்கா. எனக்கு வந்துதே கோவம். ‘ஏட்டி, நீ வாசிக்கத் தெரிஞ்சவ. இனிமே யார்ட்டயும் எதையும் கேக்கப்படாது. போர்ட வாசி’ன்னேன். அவ போர்டயே பாத்துக்கிட்டு நின்னா. பஸ்ஸு போயிட்டு. அதுக்கடுத்த பஸ்ஸும் போயிட்டு. நிக்கட்டும்னு விட்டேன். தானாப் படிக்கணும்னா கொஞ்சம் நிக்கத்தான் வேணும். எங்க டிரெய்னிங்ல அப்படித்தான் சொன்னாவ, ஒடனே ஒடனே கை கொடுக்காதிய, கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்கட்டும்னு.

போன வாரம் ஆண்டியப்பனுக்குச் சக்கரைன்னு கண்டுபிடிச்சப்போ ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். மருந்து ஜன்னல்ல அந்தத் தம்பி நல்ல பையன். மாத்திரையக் கவர்ல போட்டுக்கிட்டே, ‘படிக்கத் தெரியுமாம்மா, கோடு போட்டுரவா?’ன்னு கேட்டான். உங்களுக்குத் தெரியும்லா, எழுத்துத் தெரியாதவுகளுக்குக் கவர்ல கோடு போட்டுக் கொடுப்பாவ. ஒரு கோடுன்னா காலையில மட்டும், மூணு கோடுன்னா மூணு வேளை. முப்புடாதி வாயத் தெறக்கதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். ‘கோடு போடாதிய தம்பி, அவ என் மாணவி. தமிழ்ல எழுதிக் கொடுங்க, வாசிச்சிருவா’ன்னேன். எழுதிட்டு வாயால சொல்லப் போனான். அதையும் நிறுத்திட்டேன். வாயால சொல்லிட்டா அவ எதுக்கு வாசிக்கப் போறா? முப்புடாதி என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. பெருமையில பாக்கான்னு நெனச்சேன். பெருமைதான். வேற என்னவா இருக்கும்?

அன்னைக்குச் சாயங்காலம் கூப்பிட்டா. ‘டீச்சரக்கா, இந்தக் கவர்ல உள்ளத ஒருவாட்டி வாசிச்சு அனுப்புங்க’ன்னா. எனக்கு அந்தக் கவர்ல என்ன இருக்குன்னு ஞாபகம் இருந்துச்சு தாயி. சின்னது காலையில மட்டும், சாப்பிடுததுக்கு முன்ன. பெருசு சத்து மாத்திரை, அது மூணு வேளை. நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. சொல்லல. சொன்னா நான் என்ன டீச்சர்? ‘நீயே எழுத்தக் கூட்டிப் பாரு, உன்னால முடியும்’னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, ‘பாத்துட்டேன் டீச்சரக்கா’ன்னு அனுப்பினா. நான் ‘சபாஷ்’னு அனுப்பினேன்.

இன்னைக்குக் காலையில போன்ல கேட்டேன், ஏட்டி என்னத்தப் பாத்தேன்னு. ‘சின்ன மாத்திரைல்லா டீச்சரக்கா, பச்சப்பிள்ளைக்குக் கொடுக்கத மாதிரி இருந்துச்சு. சின்னதுக்கு வேகம் கம்மியாத்தான் இருக்கும்னு மூணு வேளை கொடுத்தேன். பெருசு வேகம் தாங்காதுல்லா, அதக் காலையில மட்டும் கொடுத்தேன்’ங்கா. நான் ‘கவர வாசிக்கலையா’ன்னு கேட்டேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? ‘நீங்கதான் அனுப்பலைல்லா’ன்னா.

அதுக்கு என்ன அர்த்தம்? நான் இந்த பஸ்ஸுல ஏறினதுல இருந்து அதைத்தான் யோசிக்கேன். பதட்டத்துல ஏதோ உளறிட்டா. வாசிக்கத் தெரிஞ்சவளுக்கும் புருசன் கெடக்க கெடையில எழுத்து கண்ணுக்கு நிக்காது. நீங்க படிச்சவுக மாதிரி இருக்கிய, சொல்லுங்க, அப்படி வரும்லா? தலைய ஆட்டுங்க தாயி, சும்மாவாச்சும்.

பயமா இருக்கு. அந்த மனுசனுக்கு ஒண்ணு ஆகிட்டா நான் அவ முகத்துல எப்படி முழிப்பேன்?

அவதான். இருங்க, காதுல வச்சாக் கேக்கமாட்டேங்கு, சத்தமாவே போடுதேன். நீங்களும் கேளுங்க.

‘டீச்சரக்கா, சீட்டு வாங்கிட்டு வந்து பாத்தா இவுகள அந்த எடத்துல காணும். வேற எங்கயோ மாத்திட்டாவளாம். போர்டப் பாத்துப் போம்மான்னு சொல்லிட்டு ஒரு அம்மா போயிட்டாவ. இங்க செவரு பூராம் போர்டா இருக்கு. எல்லாரும் ஓடுதாவ. நீங்க இந்தப் போர்ட வாசிச்சு அனுப்புங்க டீச்சரக்கா. நான் கேட்டுட்டு உடனே வாசிச்சிருதேன்.’

கேட்டியளா? ‘நீங்க வாசிச்சு அனுப்புங்க, நான் கேட்டுட்டு வாசிச்சிருதேன்.’ ஒரு துளி வெக்கமோ மறைப்போ இருக்கா அந்தக் குரல்ல? இல்லைல்லா. ஏமாத்துதவ இப்படிப் பேசுவாளா? இவ யாரையும் ஏமாத்தல. வாசிக்கதுன்னா அதுதான்னு... டீச்சர் சொல்லுவாவ, நாம கேட்டுட்டுச் சொல்லணும், அதுக்குப் பேருதான் வாசிக்கதுன்னு...

இல்ல, இல்ல. அப்படி இருக்காது. சால்வையெல்லாம் போட்டாவளே.

இப்ப நான் என்ன செய்ய? அந்தப் போர்டு அங்க இருக்கு, நான் இங்க பஸ்ஸுல இருக்கேன். போட்டோ எடுத்து அனுப்புன்னு சொல்லலாம்னா அவளுக்கு அந்த முக்கோணமும் மைக்கும் தவிர போன்ல வேற ஒண்ணும் தெரியாது. நான் காட்டிக் கொடுக்கல. கண்டக்டர் தம்பி, பேட்டை தாண்டிட்டா? எதுக்கு நிக்கு? ரோட்டு வேலையா? இறங்கி நடந்தா முந்திப் போயிருவேனா தம்பி?

இருங்க, பேசுதேன். ‘முப்புடாதி, பக்கத்துல யாராவது நிப்பாவ, அவுகள்ட்ட கேளு. கேட்டுட்டுப் போ, ஓடு.’

வந்துட்டு பதிலு. கையிலயே வச்சிருக்கா போல.

‘யார்ட்டயும் கேக்கப்படாதுன்னு நீங்கதான சொன்னிய டீச்சரக்கா. நான் போர்டப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கேன். நீங்க மெதுவா வாசிச்சு அனுப்புங்க.’

அய்யோ, இவள என்ன செய்யட்டும். நிக்கா தாயி. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நின்னாள்லா, அதே மாதிரி நிக்கா. உள்ள அந்த மனுசன் எந்தக் கட்டில்ல கெடக்காரோ, என்ன நெலமையில கெடக்காரோ, பொஞ்சாதி எங்கன்னு கேட்டு யாரும் ஒரு ஊசி போடாம நிக்காவளோ, இவ போர்டுக்குக் கீழ நின்னு என் குரலுக்குக் காத்துக்கிட்டு இருக்கா.

ஒண்ணு செய்யலாம். ஒரு பொய் சொல்லச் சொல்லுவோம். பொய்தான், ஆனா காரியம் ஆகணும்லா. அவளுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு சொன்னா யாராவது மனசு இரங்கிக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாவ. இன்னைக்கு ஒருநா சொன்னா என்ன கொறஞ்சு போவும்?

‘ஏட்டி முப்புடாதி, நல்லாக் கேளு. வெள்ளச் சட்டை போட்டு யாராவது வந்தா நிறுத்தி, நான் சொல்லுத மாதிரியே சொல்லணும். அம்மா, எனக்கு வாசிக்கத் தெரியாது.’ லொக், லொக். ‘என் வீட்டுக்காரர் ஆண்டியப்பன இப்பத்தான் கொண்டாந்தாவ. அவர் இருக்க எடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. இம்புட்டுத்தான். பொய்யின்னு நெனைக்காத, இன்னைக்கு மட்டும் சொல்லு. போ.’

போயிட்டு. ரெண்டு டிக் விழுந்துட்டு பாருங்க. நீலமாகிட்டு. கேக்கா. கேட்டுட்டா. இந்நேரம் யாரையாவது நிறுத்தியிருப்பா. கெட்டிக்காரி. ஒருவாட்டி கேட்டாப் போதும், அப்படியே பிடிச்சுக்கிடுவா. கூட்டிட்டுப் போயிருப்பாவ. அந்த மனுசன் கண்ணத் தெறந்திருப்பாரு. நான் போய்ச் சேருததுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு உக்காந்திருப்பாரு, பாருங்க.

ஆ, வந்துட்டு. நான் சொல்லல? போடுதேன், கேளுங்க.

‘அம்மா, எனக்கு வாசிக்கத் தெரியாது.’

அந்த இருமல். கேட்டியளா, அந்த இருமல்.

‘என் வீட்டுக்காரர் ஆண்டியப்பன இப்பத்தான் கொண்டாந்தாவ. அவர் இருக்க எடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. இம்புட்டுத்தான். பொய்யின்னு நெனைக்காத, இன்னைக்கு மட்டும் சொல்லு. போ. சரியா டீச்சரக்கா?’

யார்ட்டயும் சொல்லல தாயி. எனக்குத்தான் அனுப்பியிருக்கா. நான் சரின்னு சொன்னாத்தான் போவா. அங்கயே நிப்பா.

இந்தாங்க, இந்த மைக்க அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. சரின்னு மட்டும் சொன்னாப் போதும். நான் பேசினா இந்த இருமலும் சேந்து விழுந்துரும்.